கம்பம்மெட்டுக்கு மேலே அம்மாவின் போன்

எங்கள் பக்கம் "டவர் இல்லை" என்போம். மேட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் அதையே "ரேஞ்ச் இல்லா" என்பார்கள். எங்கள் ஊர் கம்பத்தில் ஜீப் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் கம்பம்மெட்டு வந்துவிடும். அங்கே மாநிலம் மாறிவிடும், டீக்கடை போர்டு மாறிவிடும், போனில் வரும் குரலும் மாறிவிடும். இங்கே "தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்" என்று சொல்லும் அந்தப் பெண்குரல் அங்கே "பரிதிக்குப் புறத்தாணு" என்னும். நான் எட்டாவது படிக்கும்போது அம்மாவின் கேரள நம்பருக்குப் போன் போட்டு முதன்முதலாக அதைக் கேட்டேன். பரிதி என்றால் சூரியன் என்று அந்த வருடம்தான் தமிழ் ஐயா சொல்லிக் கொடுத்திருந்தார். அம்மா சூரியனுக்கு வெளியே எங்கேயோ போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு, சாயங்காலம் ஜீப் வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா 28 வருடமாக ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறாள். விடியற்காலை எழுந்து, சோறு கட்டி, ஆறு மணிக்கெல்லாம் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் களை எடுப்பாள், கவாத்து பண்ணுவாள், காயெடுப்புக் காலத்தில் காய் எடுப்பாள். சாயங்காலம் திரும்பி வருவாள். கம்பம், கூடலூர், தேவாரம், போடி என்று இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனையோ வீடுகளின் கதை இதுதான். நான் கம்பத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மலைக்குப் போய் வருகிறவர்கள், அல்லது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் கொண்டுவரும் குறை எப்போதும் ஒன்றேதான்: "தம்பி, கீழ இருக்கப்ப நல்லாத்தான் இருக்கு. மேல போனா போன் செத்துப்போகுது."

ஆரம்பத்தில் நானும் பேட்டரியை மாற்றிக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். பேட்டரியில் குறை இல்லை என்று புரிய எனக்கே சில வருடங்கள் ஆயின. அது புரியக் காரணம் ஒரு ஆடி மாத மழை இரவு.

அன்றைக்கு ஏழு மணி ஆகியும் ஜீப் வரவில்லை. அம்மாவிடம் இரண்டு சிம் உண்டு. தமிழ்நாட்டு நம்பர் வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும், கேரள நம்பர் கங்காணிக்கும் ஜீப்காரருக்கும். நான் வழக்கம்போலத் தமிழ்நாட்டு நம்பருக்கு அடித்தேன். சுவிட்ச் ஆப் என்றது. திரும்ப அடித்தேன், அதே பதில். ஏழே கால், ஏழரை, எட்டேகால். மலையில் மழை கொட்டுகிறது, வளைவுகளில் ஜீப் கவிழ்ந்த செய்திகளைக் கேட்டே வளர்ந்தவன் நான், மனசு எங்கெங்கோ போனது. கேரள நம்பருக்கு அடிக்கவே தோன்றவில்லை, அந்த நம்பர் என் போனில் இல்லவும் இல்லை. ஒன்பது மணிக்கு அம்மா நனைந்துபோய் வந்து இறங்கினாள். ஜீப்பில் ஆக்சில் உடைந்திருக்கிறது. வேறு வண்டி வரும்வரை ஒரு கடைத் திண்ணையில் எல்லாரும் நின்றிருக்கிறார்கள். பதினொரு பெண்களில் அம்மாவின் போனில் மட்டும் சார்ஜ் இருந்ததால், ஒருவர் மாற்றி ஒருவர் அதிலிருந்துதான் தங்கள் வீட்டுக்குப் பேசியிருக்கிறார்கள். கேரள சிம்மில்.

"எனக்கு ஏம்மா போடல?" என்று சத்தம் போட்டேன்.

"நீதான் கடைல இருப்பியே, எப்படியும் கூப்புடுவன்னு இருந்தேன். நீ ஏண்டா கூப்புடல?" என்றாள்.

நான் கூப்பிட்டேன். இருபது முப்பது தடவை கூப்பிட்டேன். போன் அவள் கையில்தான் இருந்தது, உயிரோடு இருந்தது, நல்ல டவரில் இருந்தது. ஆனாலும் அது எனக்குச் செத்த போன்.

இரண்டு சிம் போட்ட சாதாரணப் போனுக்குள் இரண்டு ரேடியோ இருப்பதாக நாம் நினைக்கிறோம். இல்லை. பெரும்பாலான போன்களில் கோபுரத்தோடு பேசும் ரேடியோ ஒன்றுதான். சும்மா கிடக்கும்போது அது இரண்டு சிம்முக்கும் முறை வைத்துக் காது கொடுக்கும். 4ஜியில் கோபுரம் "உனக்கு அழைப்பு இருக்கிறது" என்று சொல்லும் நேரம் பெரும்பாலும் 1.28 விநாடிக்கு ஒருமுறை வரும். அந்த ஒரு கண நேரம் மட்டும் விழித்து, கேட்டுவிட்டு, மறுபடி தூங்கிவிடும். இரண்டு சிம்முக்கும் அந்த நேரம் வெவ்வேறு என்பதால் ஒரே ரேடியோ இரண்டையும் சமாளிக்கிறது. ஆனால் ஒரு சிம்மில் பேச ஆரம்பித்துவிட்டால் ரேடியோ முழுக்க அந்தப் பக்கம் போய்விடும். மறு சிம் கோபுரத்தின் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லாது, கோபுரமும் இவர் இல்லை என்று முடிவு கட்டிவிடும். பேட்டரி, விலை, இடம் எல்லாவற்றையும் பார்த்துப் பண்ணின ஏற்பாடு இது, குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் போன் வாங்குகிறவரிடம் இதை யாரும் சொல்வதில்லை. "டூயல் சிம்" என்று டப்பா மேலே எழுதியிருப்பதைப் பார்த்து, ஒன்று இல்லாவிட்டால் ஒன்று எடுக்கும் என்று நம்பி எங்கள் அம்மாக்கள் மலைக்குப் போகிறார்கள்.

அதற்கப்புறம்தான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஒரு போனுக்குள் எத்தனை விதமான கம்பியில்லாத் தொடர்பு இருக்கிறது, அவை எப்படி ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன, எங்கே ஒத்துப்போவதில்லை என்று.

போனைத் திறந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். பின் கவரைச் சூடு காட்டிக் கழற்றியதும், பிளாஸ்டிக் சட்டத்தின் ஓரங்களில் கோலம் போட்ட மாதிரி தங்க நிறத்தில் கோடுகள் ஓடும். அவைதான் ஆன்டெனாக்கள். மேலே ஒரு மூலையில் இருக்கும் சின்னக் கோடு வைஃபைக்கும் புளூடூத்துக்கும் பொது, பல போன்களில் ஜிபிஎஸ்ஸும் அதே பக்கம்தான். அடியில் சார்ஜர் ஓட்டையைச் சுற்றி இருப்பது 2ஜி, 4ஜிக்கான பெரிய ஆன்டெனா. அதற்கு மதர்போர்டிலிருந்து நூல் மாதிரி ஒரு கேபிள் போகும். கோட்டின் முனையில் மிளகை விடச் சின்னதாக ஒரு தங்கப் பொட்டு இருக்கும், போர்டில் இருக்கும் ஸ்பிரிங் அதன்மேல் அழுந்தி நிற்க வேண்டும். அந்தப் பொட்டில் லேசாகக் களிம்பு ஏறினாலே போதும், வைஃபை பத்தடிக்கு மேல் எடுக்காது. மலைக்குப் போகும் போன்களில், மழையிலும் பனியிலும் நனைந்து நனைந்து, இதை அடிக்கடி பார்க்கிறேன். பேட்டரி மாற்றச் சொல்லி வரும் பல போன்களுக்கு நான் இப்போது அழிரப்பரால் அந்தப் பொட்டைத் துடைத்து, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் நிமிர்த்திக் கொடுக்கிறேன்.

ஜீப் ஓட்டும் அண்ணன் ஒருவர் ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை என்று வந்தார். பின்னால் கவருக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புத் தகடு, காந்த ஸ்டாண்டில் ஒட்டி நிற்பதற்காக. சரியாக ஆன்டெனா மேலே. எடுத்துவிட்டதும் வேலை செய்தது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து வந்து சேரும் சிக்னல் நம்ப முடியாத அளவுக்கு மெலிசு. அதைக் கேட்கிற காதை இரும்பால் மூடினால் என்ன செய்யும்?

இவ்வளவும் ஒரே போனில் சேர்ந்தது ஒரு நாளில் நடந்ததில்லை. எங்கள் மாமா ஏலக்காய் வியாபாரி, போடிக்கும் புத்தடிக்கும் ஏலத்துக்குப் போய் வருகிறவர். 2005 வாக்கில் சட்டைப்பையில் ஒரு போன், இடுப்பில் ஒரு போன் என்று இரண்டு வைத்திருந்தார். ஒன்று ஜிஎஸ்எம், ஒன்று சிடிஎம்ஏ. 2002 டிசம்பரில் ரிலையன்ஸ் தொடங்கிய பின்பு சிடிஎம்ஏ போன் மலிவாகக் கிடைத்தது. மறுவருடம் 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்று விற்றார்கள். அந்தப் போனில் சிம் போடும் இடமே கிடையாது, நம்பர் போனுக்குள்ளேயே இருக்கும். இரண்டும் வேறு வேறு உலகம். ஜிஎஸ்எம் ஒரு அலைவரிசையை எட்டு நேரத்துண்டாக வெட்டி எட்டுப் பேருக்கு முறை வைத்துக் கொடுக்கும். சிடிஎம்ஏ எல்லாரையும் ஒரே நேரத்தில் ஒரே அலைவரிசையில் பேச விட்டு, ஒவ்வொருவருக்கும் கொடுத்த தனிக் குறியீட்டை வைத்துப் பிரித்தெடுக்கும். சந்தையில் ஆள் ஆளுக்கு முறை வைத்துப் பேசுவது ஒன்று, எல்லாரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பாஷையில் பேச, அவரவர் தன் பாஷையை மட்டும் காதில் வாங்கிக்கொள்வது இன்னொன்று. எல்லையில் வாழ்கிற எங்களுக்கு இரண்டாவது ஒன்றும் புதிது இல்லை.

பின்னால் இரண்டையும் சேர்த்து சாம்சங் டூயோஸ் மாதிரிப் போன்கள் வந்தன. மாமாவும் ஒன்று வாங்கினார். இடுப்புப் பை காலியானதில் அவருக்குச் சந்தோஷம். அதைப் பிறகு நான் திறந்து பார்த்திருக்கிறேன். ஒரே கூட்டுக்குள் இரண்டு போன், அவ்வளவுதான். ஒன்றுக்கு மற்றொன்று இருப்பதே தெரியாது. ஜிஎஸ்எம்மில் பேசிக்கொண்டே போய் டவர் விட்டால் அழைப்பு அறுந்துவிடும், பக்கத்திலேயே சிடிஎம்ஏ டவர் முழுசாக இருந்தாலும். இரண்டு முகாமும் உண்மையிலேயே ஒன்று சேர்ந்தது 4ஜியில்தான். அமெரிக்காவில் சிடிஎம்ஏ நடத்திய வெரைசன் 2010 டிசம்பரில் எல்டிஇக்கு, அதாவது 4ஜிக்கு, மாறியபோது, உலகத்துக்கு ஒரே பாதை என்று ஆகிவிட்டது.

சரி, ஒன்றாக வைப்பது ஒரு வேலை. ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்கு அறுபடாமல் கைமாற்றுவது வேறு வேலை. என்னைக் கேட்டால் இரண்டாவதில்தான் எல்லாம் இருக்கிறது.

வைஃபைக்கும் செல் கோபுரத்துக்கும் நடுவில் அழைப்பைக் கைமாற்றும் யோசனை நாம் நினைப்பதை விடப் பழையது. 2006-லேயே நோக்கியா 6136 என்ற மடக்குப் போன் வந்தது. வீட்டு வைஃபையில் ஜிஎஸ்எம் அழைப்பைப் பேசிக்கொண்டே வெளியே நடந்தால் கோபுரத்துக்கு மாறிக்கொள்ளும். அடுத்த வருடம் அமெரிக்காவில் டி-மொபைல் அதையே ஒரு சேவையாக விற்றது. இந்தியாவுக்கு வர 2019 டிசம்பர் ஆனது. ஏர்டெல் முதலில், அடுத்த மாதமே ஜியோ. வைஃபை காலிங் என்று அமைப்பில் ஒரு பொத்தான் இருக்குமே, அதுதான். தனிச் செயலி வேண்டாம், எதிரில் பேசுகிறவரிடம் இன்டர்நெட் வேண்டாம், நம் சாதாரண நம்பருக்குச் சாதாரணமாக அழைப்பு வரும். போன் வைஃபை வழியாக நிறுவனத்தின் மையத்தோடு ஒரு பூட்டிய சுரங்கப்பாதை போட்டுக்கொள்ளும், குரல் அதன் வழியே போகும். மையத்தைப் பொறுத்தவரை நீங்கள் கோபுரத்தில் இருக்கிறீர்களா வைஃபையில் இருக்கிறீர்களா என்பது வாசல் வித்தியாசம்தான்.

அம்மா வேலை செய்யும் தோட்டத்தில் ஸ்டோர் இருக்கிறது. ஏலக்காய் உலர்த்தும் இடத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். அதன் ஆபீஸுக்கு உள்ளூர் கேபிள்காரர் பைபர் இழுத்துக் கொடுத்திருந்தார். கங்காணி அண்ணனிடம் பேசி, பாஸ்வேர்டு வாங்கி, அம்மா போனிலும் கூட வருகிற நாலைந்து அக்காக்கள் போனிலும் போட்டு, வைஃபை காலிங்கை ஆன் செய்து கொடுத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் நாலரைக்கு ஸ்டோர் தகரக் கொட்டகைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரிக் கேட்டது. பின்னால் உலர்த்தும் அடுப்பின் இரைச்சல்கூடக் கேட்டது.

ஆனால் ஸ்டோரை விட்டு ரோட்டுக்கு நடந்ததும் ஒவ்வொரு நாளும் அறுந்தது. அதே நிறுவனம், அதே சிம். ஏன் என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மேலே போனேன். ஸ்டோர் வாசலிலிருந்து ரோட்டு வளைவு வரை சுமார் நூறு அடி. அந்த நூறு அடியில் 4ஜி கிடையாது, 2ஜி மட்டும்தான். வைஃபையிலிருந்து 4ஜிக்கு அழைப்பு கைமாறும், ஏனென்றால் இரண்டிலும் குரல் ஒரே மாதிரிப் பொட்டலங்களாகத்தான் போகிறது. 4ஜியிலிருந்து 2ஜிக்கு இறக்கவும் தனி ஏற்பாடு இருக்கிறது. ஆனால் வைஃபையிலிருந்து நேராக 2ஜிக்கு இறங்குவது பெரும்பாலும் நடக்காது, அந்தப் படி கட்டப்படவே இல்லை. நகரத்தில் வைஃபைக்கு வெளியே எப்போதும் 4ஜி இருக்கும் என்று எண்ணிச் செய்த ஏற்பாடு. ஏலக்காட்டில் அந்த நூறு அடியை யாரும் நடந்து பார்க்கவில்லை.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் விளங்கியது. கம்பம் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வண்டன்மேடு 1,000 மீட்டருக்கு மேலே. மலை விளிம்பில் நின்றால் கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், கீழே இருக்கும் கோபுரங்களும் போனுக்குத் தெரியும். நாலு கோடு காட்டும், ஆனால் போன் போகாது. கோடு என்பது கோபுரம் சொல்வது நமக்கு எவ்வளவு கேட்கிறது என்பதன் கணக்கு. நாம் சொல்வது கோபுரத்துக்குக் கேட்கிறதா என்று அது சொல்லாது. கோபுரம் பல வாட்டில் கத்தும். 4ஜி போன் உச்சத்தில் 0.2 வாட்டில்தான் பதில் சொல்லும். பழைய 2ஜி போன் 900 மெகாஹெர்ட்ஸில் 2 வாட் வரைக்கும் போகும். "பழைய நோக்கியால எடுத்துச்சு தம்பி, பத்தாயிரம் ரூபா போன்ல எடுக்கல" என்று ஒரு பாட்டி சொன்னபோது நான் நம்பவில்லை. அவர் சொன்னது சரிதான். அவரிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

மாநில எல்லையும் இதில் வந்து விளையாடும். நமக்கு ஒரே நிறுவனம், போனுக்கு அப்படி இல்லை. சர்க்கிள், அதாவது மாநிலவாரியாகப் பிரித்த சேவைப் பகுதி, ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருக்கிறது. பிஎஸ்என்எல் தமிழ்நாடு என்றால் 404-80, கேரளா என்றால் 404-72. ஏர்டெல் தமிழ்நாடு 404-94, கேரளா 404-95. மேட்டைத் தாண்டியதும் தமிழ்நாட்டு சிம் ரோமிங் போகிறது, காசு பிடிக்காததால் நமக்குத் தெரிவதில்லை. திரும்பி இறங்கும்போதுதான் சிக்கல். போன் உடனே சொந்த நெட்வொர்க்குக்கு ஓடி வராது. எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை சொந்த நெட்வொர்க்கைத் தேட வேண்டும் என்று சிம்முக்குள் ஒரு எண் எழுதியிருக்கும், அது ஆறு நிமிடக் கணக்கில் பெருகும், எதுவும் எழுதாவிட்டால் ஒரு மணி நேரம். இரண்டு சர்க்கிளையும் ஒன்றாகவே நினைத்துக்கொள் என்று நெட்வொர்க் போனுக்குச் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. சொல்லாவிட்டால், போன் மேலே இருக்கும் கேரளக் கோபுரத்தின் கடைசி மூச்சைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே பாதி மலை இறங்கும், பேட்டரியும் அதிலேயே தீரும். அதனால் மலைக்குப் போகிற எல்லாரிடமும் நான் சொல்வது: மேட்டில் ஒருதடவை, இறங்கும்போது ஒருதடவை, ஏரோப்ளேன் மோடு போட்டு எடுங்கள். புதிதாகத் தேடிக்கொள்ளும்.

ரோமிங்குக்குக் காசு பிடித்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மலையில் இருக்கும்போது தமிழ்நாட்டு நம்பருக்கு வருகிற அழைப்பை எடுத்தாலே காசு. அதனால் மிஸ்டு காலில் ஒரு பாஷையே வைத்திருந்தோம். ஒரு மணி என்றால் ஜீப் கிளம்பிவிட்டது, இரண்டு என்றால் மேட்டைத் தாண்டிவிட்டது, விடாமல் அடித்தால் எடு. 2015-ல் பிஎஸ்என்எல் வருகிற அழைப்புக்கு ரோமிங் கட்டணத்தை எடுத்தது, 2016-ல் ஜியோ அதை இல்லாமலே தொடங்கியது, 2017 ஏப்ரலில் ஏர்டெல்லும் எடுத்தது. அந்த மிஸ்டு கால் பாஷை எங்கள் வீட்டில் அத்தோடு போனது.

ஒரே போனுக்குள் இருக்கும் ரேடியோக்கள் ஒன்றையொன்று செவிடாக்குவதும் உண்டு. 4ஜியின் ஒரு பட்டை 2300-லிருந்து 2400 மெகாஹெர்ட்ஸ் வரை. வைஃபை, புளூடூத் இரண்டும் 2400-க்கு மேலே உடனே தொடங்குகின்றன. நடுவில் வேலி கிடையாது, வரப்புகூடக் கிடையாது. ஹாட்ஸ்பாட் போட்டால் போன் ஒரு பக்கம் கோபுரத்தின் மெல்லிய குரலைக் கேட்க வேண்டும், அதே நேரம் இரண்டு விரற்கடை தள்ளி வைஃபையில் கத்த வேண்டும். கத்தலையும் கேட்டலையும் பிரிக்க அரிசி மணியை விடச் சிறிய வடிகட்டிகளை வைக்கிறார்கள், அதிலும் போதாவிட்டால் நீ பேசும்போது நான் பேசமாட்டேன் என்று முறை வைத்துக்கொள்கின்றன. புளூடூத் இன்னும் கெட்டி. 79 சின்ன அலைவரிசைகளில் விநாடிக்கு 1,600 தடவை தாவும், வைஃபை இருக்கும் இடங்களைக் கண்டுபிடித்து விலகித் தாவும் வித்தையை 2003-ல் கற்றுக்கொண்டது. ஜிபிஎஸ் மாதிரியே இடம் காட்டும் நம் இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள்கள் அனுப்பும் இரண்டு சிக்னல்களில் ஒன்று 2492 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது, இந்தக் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே. போன்களில் நாவிக்கைக் கேட்க எடுத்துக்கொண்டது மற்றதைத்தான், 1176 மெகாஹெர்ட்ஸ். 2023 மே மாதம் அனுப்பிய என்விஎஸ்-01 செயற்கைக்கோளிலிருந்து, ஜிபிஎஸ் இருக்கும் அதே அலைவரிசையிலும் நாவிக் பேசுகிறது. போன் செய்கிறவர்களுக்கு அது பெரிய உதவி, புதிதாக ஒரு காது வைக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் நினைத்தால் எனக்கு அந்தப் பொறியாளர்கள்மேல் மரியாதைதான் வருகிறது. நகத்தளவு இடத்தில் இத்தனை பேரைச் சண்டை இல்லாமல் குடிவைத்திருக்கிறார்கள். எனக்கு ஆற்றாமை வேறு இடத்தில்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அந்தப் பக்கம், ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் லயங்கள்மேல், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்மேல், மலை சரிந்தது. 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ் பேசும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அந்த மழையில் கரண்டும் இல்லை, போன் தொடர்பும் இல்லை. நடந்தது வெளியே தெரிய மறுநாள் காலையானது. அந்தச் செய்தியை நான் கடையில் நின்று படித்தேன், எதிரில் ஒரு பெண் டிஸ்பிளே மாற்றக் கொடுத்துவிட்டு நின்றிருந்தார், அவர் கேட்ட எதற்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

போனில் சில சமயம் "அவசர அழைப்பு மட்டும்" என்று வருமே, அதன் பொருளைப் பலரும் கவனிப்பதில்லை. உங்கள் நிறுவனத்தின் கோபுரம் இல்லை, ஆனால் வேறு யாருடைய கோபுரமோ எட்டுகிறது என்று அர்த்தம். அப்போது 112 அடித்தால் போன் உங்கள் நிறுவனம், சர்க்கிள் எதையும் பார்க்காது, கிடைக்கிற கோபுரத்தைப் பிடித்துப் பேசிவிடும். மலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் இதை நான் சொல்லித்தான் அனுப்புகிறேன். என் கேள்வி இதுதான்: அந்தக் கோபுரம் அம்மாவை 112-க்குப் பேச விடும்போது, வீட்டுக்குப் பேச ஏன் விடக்கூடாது? போன் தயாராகத்தான் இருக்கிறது. எல்லா ரேடியோவையும் அது சேர்த்து வைத்திருக்கிறது. பிரித்து வைத்திருப்பது ஒப்பந்தங்கள். 2025 ஜனவரியில் அரசு நிதியில் கட்டிய கோபுரங்களில் ஒரு நிறுவனத்தின் 4ஜியை மற்ற நிறுவன வாடிக்கையாளர்களும் பயன்படுத்தும் ஏற்பாட்டை மத்திய அரசு தொடங்கியது. நல்ல காரியம். அதை அரசுக் கோபுரத்தோடு நிறுத்தாமல் ஏலக்காட்டுக்கும் தேயிலைக்காட்டுக்கும், ஒரே ஒரு கோபுரம் மட்டும் எட்டுகிற எல்லா இடத்துக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்கிறேன். குறைந்தது மழை எச்சரிக்கை விடும் நாட்களிலாவது.

அதுவரை என்னால் ஆனதைச் செய்கிறேன். அம்மாவின் போனில், ஒரு சிம்மில் பேசும்போது மறு சிம்முக்கு வரும் அழைப்பை முதல் சிம்மின் டேட்டா வழியாகவே வாங்கிக்கொள்ளும் அமைப்பு இருந்தது. பல புதுப் போன்களில் இருக்கிறது, வாங்கும்போது ஆன் ஆகியிருப்பதில்லை. தேடி ஆன் செய்தேன். அதற்கு இரண்டு சிம்மிலும் வைஃபை காலிங் இருக்க வேண்டும், அதையும் சரிபார்த்தேன். கேரள நம்பரை இப்போது மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். ஸ்டோரில் கங்காணி அண்ணன் சம்மதித்து, வைஃபை பெட்டியை ஆபீஸ் அலமாரியிலிருந்து எடுத்து ரோட்டைப் பார்த்த ஜன்னலில் வைக்க விட்டார். நூறு அடியில் எழுபது அடிக்கு அது போதும். மிச்ச முப்பது அடியில் அழைப்பு அறுந்துகொண்டுதான் இருந்தது. போன மாதம் வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்த கோபுரத்தில் 4ஜி போட்டார்கள்.

போன வியாழக்கிழமை நாலே முக்காலுக்கு அம்மா கூப்பிட்டாள். பின்னால் அடுப்பின் இரைச்சல். மீன் வாங்கி வைத்தாயா என்று கேட்டாள், வாங்கிவிட்டேன் என்றேன். என்ன மீன் என்றாள், கட்லா என்றேன், வேறு கிடைக்கவில்லையா என்றாள். பேசிக்கொண்டே நடக்கிறாள் என்று மூச்சு வாங்குவதிலேயே தெரிந்தது. இரைச்சல் குறைந்துகொண்டே போனது. நான் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு நொடி, ஒரு சின்னத் தடுக்கல், குரல் கொஞ்சம் மெலிந்து திரும்ப நிமிர்ந்தது. அப்புறம் ஜீப் ஸ்டார்ட் ஆகும் சத்தம், பக்கத்தில் யாரோ "ஏறுக்கா, ஏறு" என்கிற சத்தம்.

"என்னடா பேசாம இருக்க? லைன்ல இருக்கியா?" என்றாள்.

"இருக்கேம்மா" என்றேன்.

"புளி ஊறப் போட்டு வை. வந்து வைக்கிறேன்."